மின்சாரக் கிதாரின் ஒலி அவையெங்கும் பரவ

தில்லி மாநகரில் யமுனைக்குக் கிழக்கே அமைந்துள்ள மயூர் விஹார், 1980-ஆம் ஆண்டுகள் முதல் அடுக்கு வீடுகளும் கூட்டுறவுக் குடியிருப்புகளும் எழுந்து வளர்ந்த பகுதியாகும். தமிழரும் மலையாளிகளும் இங்குக் கணிசமாக வாழ்கின்றனர். உத்தர குருவாயூரப்பன் கோயில் இப்பகுதியில்தான் உள்ளது. நவராத்திரியிலும், கார்த்திகை, மார்கழி மாதங்களில் நடைபெறும் ஐயப்ப பூஜைகளிலும், வீடுகளுக்கு நடுவேயுள்ள பூங்காக்களில் பந்தலிட்டு இசை நிகழ்ச்சிகள் நடத்துவது வழக்கம். குரலுக்கும் வயலினுக்கும் துணையாக, இன்று மின்சாரக் கிதாரும் மாண்டலினும் அம்மேடைகளில் இடம் பெறுகின்றன. இவை வெறும் மேனாட்டுக் கருவிகள் என்று ஒதுக்கத்தக்கன அல்ல. யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினில் கருநாடக இசையின் நுட்பங்களை வெளிக்கொணர்ந்ததை நாடறியும். சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் கிதாரில் அவ்வாறே செய்து காட்டினர்.

இக்கருவிகளைப் பொறுத்தவரை அவையினரிடமிருந்து ஒரே வகைக் குறை மீண்டும் மீண்டும் எழுவதைக் காணலாம். நடுவில் முன்வரிசையில் அமர்ந்தவர், காதைத் துளைக்கிறது என்பார். பக்கவாட்டில் அமர்ந்தவர், கிதார் மங்கலாக ஒலிக்கிறது, கமகம் தெளிவாக இல்லை என்பார். வாசிப்பவரோ தமக்கே சரியாகக் கேட்கவில்லை என்பார். மூவர் கூறுவதும் உண்மையே. ஆயினும் இக்குறையைத் தீர்க்க வழக்கமாகச் செய்யப்படுவது ஒலியின் அளவை மேலும் உயர்த்துவதாகும். அதனால் முன்வரிசையில் தரைவிரிப்பின்மீது அமர்ந்திருக்கும் சிறுவர்களின் செவிகள் துன்புறுகின்றன. பந்தலுக்கு அப்பால் மூன்றாம் மாடியில் தேர்வுக்குப் படிக்கும் மாணவனும் துன்புறுகிறான். பக்கவாட்டில் இருப்பவருக்கோ தெளிவு கூடுவதில்லை. குறை ஒலியின் அளவில் இல்லை, அது பரவும் பாங்கில் உள்ளது என்பதே இதற்குக் காரணம்.

அலைநீளமும் கூம்பின் அகலமும்

கிதார் ஒலிபெருக்கியில் பெரும்பாலும் 12 அங்குல விட்டமுள்ள ஒரு தாள் கூம்பு பயன்படுகிறது. அதன் பின்புறத்தில் ஒட்டியுள்ள கம்பிச்சுருள் ஒரு காந்தத்தின் இடைவெளியில் அசைய, கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் பொறியாளர் இருவர் வெளியிட்ட இவ்வமைப்பு, அடிப்படையில் இன்றும் மாறவில்லை. 12 அங்குலம் என்பது வெளிச்சட்டத்தின் அளவாகும். உண்மையில் அசையும் பகுதி ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் விட்டமுடையது எனக் கொள்ளலாம்.

இக்கூம்புக்கு நேர் எதிரே, சற்றுத் தொலைவில் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்போம். கூம்பின் எல்லாப் பகுதிகளும் அவரிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் உள்ளன. ஆகவே எல்லாப் பகுதிகளிலிருந்தும் புறப்படும் அலைகள் ஒருங்கே வந்து சேர்ந்து வலுப்பெறுகின்றன. இனி, பக்கவாட்டில் அமர்ந்திருப்பவரைக் கருதுவோம். கூம்பின் ஒரு விளிம்பு அவருக்கு அண்மையிலும் மறு விளிம்பு சற்றுச் சேய்மையிலும் உள்ளன. சேய்மை விளிம்பிலிருந்து வரும் அலை பின்தங்குகிறது. அப்பின்தங்கல் அலைநீளத்தை நோக்க மிகச் சிறியதாயின் கேடில்லை. அது அரை அலைநீளத்தை எட்டினாலோ, ஓர் அலையின் முகடு மற்றதன் பள்ளத்தோடு பொருந்தி ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும். ஆக, கூம்பு அலைநீளத்தைவிடச் சிறியதாயின் ஒலி நாற்புறமும் விரியும். பெரியதாயின் கைவிளக்கின் ஒளிபோல் நேர்முகமாகக் குவிந்து செல்லும். ஒளியியலில் வட்டத் துளையின் வழியே செல்லும் ஒளிக்கு ஏரி என்பார் கண்ட விதியும், ஒலியியலில் ராலே பிரபு 1877-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் ஆராய்ந்த விதியும் இவ்வகையில் ஒன்றே.

20 டிகிரி வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். இதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். நேர்முகத்தில் உள்ள ஒலியை நோக்க 6 டெசிபல் குறையும் எல்லைகளுக்கு இடைப்பட்ட கோணத்தை விரிகோணம் என்று அழைப்போமாயின், 26 செ.மீ. கூம்புக்குக் கணக்கு பின்வருமாறு அமைகிறது. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 69 செ.மீ.; அது தங்குதடையின்றிப் பரவுகிறது. 1000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 34 செ.மீ., விரிகோணம் சுமார் 137 டிகிரி, இதுவும் போதியதே. 2000 ஹெர்ட்ஸில் விரிகோணம் 55 டிகிரியாகச் சுருங்குகிறது. 4000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 8.6 செ.மீ.; விரிகோணமோ வெறும் 27 டிகிரி. அதாவது 10 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 5 மீட்டர் அகலமுள்ள பட்டைக்குள் மட்டுமே அவ்வொலி முழுமையாகக் கேட்கும். பந்தல் 12 மீட்டர் அகலமுடையதாயின், அதே தொலைவில் ஓரத்தில் அமர்ந்தவர் நேர்முகத்திலிருந்து 31 டிகிரி விலகியிருக்கிறார். கணக்கின்படி அவருக்கு 4000 ஹெர்ட்ஸ் ஒலி 15 டெசிபலுக்கும் மேலாகக் குறைந்தே சென்றடையும். மெய்யான கூம்பு உயர்ந்த அதிர்வெண்களில் முழுமையாக ஒருங்கே அசைவதில்லையாதலால் இவ்வெண்கள் சற்று மாறும். ஆயினும் போக்கு இதுவே.

கிதாரின் தந்திகள் எழுப்பும் அடிப்படைச் சுரங்கள் இந்த உயர்ந்த அதிர்வெண்களில் இல்லையே என்று ஆசிரியர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. வழக்கமான சுருதியமைப்பில் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸிலும் மெல்லிய தந்தி 330 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. கடைசிக் கட்டையில் வாசித்தாலும் 1300 ஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கும். ஆனால் ஒரு சுரத்தைக் கூர்மையாக அறியச் செய்வது அதன் மேற்சுரங்களாகும். மீட்டும் கணத்தின் தெறிப்பும், தந்தியை இழுத்து உண்டாக்கும் கமகத்தின் நெளிவும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியிலேயே துலக்கம் பெறுகின்றன. மனிதச் செவி மிகுந்த கூருணர்வு கொண்டிருப்பதும் அப்பகுதியில்தான். எனவே ஓரத்தில் இருப்பவர் கிதாரைக் கேட்கிறார், கமகத்தைக் கேட்பதில்லை. முன்னே நடுவில் இருப்பவர் அக்கூர்மை முழுவதையும் தாமே ஏற்கிறார்.

வகுப்பறையில் இதை விளக்கக் கருவி எதுவும் வேண்டா. ஒரு மாணவனை நிறுத்தி, முதலில் வகுப்பை நோக்கியும், பின்பு முதுகைக் காட்டியும் 'ஊ' என்று நீட்டி ஒலிக்கச் சொல்லுக. வேறுபாடு சிறிதே இருக்கும். அவ்வாறே 'ஸ்' என்று நீட்டி ஒலிக்கச் சொல்லுக. முதுகைக் காட்டியதும் ஒலி சட்டென மங்கும். 'ஸ்' ஒலியின் அலைநீளம் சில சென்டிமீட்டரே ஆதலின், அதனால் தலையைச் சுற்றி வளைந்து வர இயல்வதில்லை. சிற்றலைத் தொட்டி உள்ள பள்ளிகளில் அகன்ற வழியையும் குறுகிய வழியையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் ஐயம் முற்றும் நீங்கும்.

முதலில் செலவற்ற திருத்தங்கள்

ஒலிபெருக்கியைத் தரையில் வைப்பதே பெரும்பாலான தொல்லைகளுக்குத் தோற்றுவாய். மேடையின் உயரம் 75 செ.மீ., அதன்மேல் வைத்த பெட்டியில் கூம்பின் நடு 30 செ.மீ. உயரத்தில் உள்ளது எனக் கொண்டால், மொத்தம் 105 செ.மீ. ஆகிறது. நாற்காலியில் அமர்ந்தவரின் செவி இருப்பதும் ஏறத்தாழ அவ்வுயரத்திலேயே. ஆகவே குவிந்த ஒலி முன்வரிசையின் முகத்தில் நேராக மோதுகிறது. நின்று வாசிப்பவராயின், பெட்டிக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கும் அவருடைய செவி ஏறக்குறைய 40 டிகிரி மேலே விலகி நிற்கிறது. அவர் முழங்காலுக்கே தெளிவான இசை கிட்டுகிறது என்று வேடிக்கையாகக் கூறலாம். தமக்கு மங்கலாகக் கேட்பதனால் அவர் உச்ச ஒலிக் குமிழைத் திருப்பிக் கூட்டுகிறார். அதன் பயனை முன்வரிசை அனுபவிக்கிறது.

பெட்டியைப் பின்புறம் சாய்த்து வைத்தலோ, 1.5 முதல் 2 மீட்டர் உயரமுள்ள உறுதியான தாங்கியில் ஏற்றுதலோ இதற்கு மாற்றாகும். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் தன் பெட்டிகளின் பக்கங்களில் சாய்கால்களைப் பொருத்தியதும், இங்கிலாந்தின் மார்ஷல் நிறுவனம் நான்கு கூம்புகள் கொண்ட பெட்டியில் மேலிரண்டையும் சற்றே மேல்நோக்கிச் சாய்த்ததும் 1960-களிலேயே நிகழ்ந்தவை. உயர்த்துவதில் மற்றொரு நன்மையும் உண்டு. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். முன்வரிசை 2.5 மீட்டரிலும் கடைவரிசை 20 மீட்டரிலும் இருப்பின் இரண்டிற்கும் வேற்றுமை 18 டெசிபல். கூம்பின் நேர்முகத்தைக் கடைவரிசையின் மீது நிறுத்தினால், முன்வரிசை அச்சிலிருந்து விலகியதாகி, குவியும் தன்மையே அவ்வேற்றுமையை ஓரளவு ஈடுசெய்யும். ஒலி குவிவது எப்போதும் தீங்கன்று. அது எங்கே நோக்குகிறது என்பதே முக்கியம்.

இரண்டு கூம்புகள் உள்ள பெட்டியைக் கிடையாக வைப்பது கண்ணுக்கு அழகாயிருக்கலாம், காதுக்கு ஆகாது. நடுப்புள்ளிகளுக்கிடையே 33 செ.மீ. இடைவெளியுள்ள இரு கூம்புகள் பக்கம் பக்கமாக இருப்பின், 1000 ஹெர்ட்ஸிலேயே, நேர்முகத்திலிருந்து 31 டிகிரி விலகியவருக்கு அவை ஒன்றையொன்று அழிக்கின்றன. அதே பெட்டியை நிமிர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்குமாறு வைத்தால், இவ்வழிப்பு மேலும் கீழுமாக விலகுகிறது. கிடைமட்டத்தில் ஒலி ஒற்றைக் கூம்பிற்குரிய அளவு விரிகிறது. கோயில்களிலும் பொதுக்கூட்டங்களிலும் காணப்படும் தூண் வடிவ ஒலிபெருக்கிகள் இத்தத்துவத்தையே தழுவியவை. அவற்றில் பல சிறு கூம்புகள் நேர்வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் ஒலி பக்கவாட்டில் விரிந்தும் மேல்கீழாகச் சுருங்கியும் செல்கிறது. அடுக்கு வீடுகள் சூழ்ந்த பூங்காவிற்கு இவை குழாய் ஒலிபெருக்கிகளைக் காட்டிலும் எவ்வளவோ மேலானவை. ஆயினும் களப்பணியாளர் ஒருவர் அவற்றைக் கிடையாகக் கட்டுவதைக் கண்டால் உடனே தடுத்தல் வேண்டும். அத்தவறு நாம் நினைப்பதைவிட மிகுதியாகக் காணப்படுகிறது.

நுரைப்பஞ்சு வளையம்

கூம்பை மாற்றாமலே அதைச் சிறியதாக்க இயலுமா? உயர்ந்த அதிர்வெண்களுக்கு மட்டும் இயலும். கூம்பின் வெளிப்பகுதியை ஒலி ஊடுருவக்கூடிய நுரைப்பஞ்சு வளையத்தால் மூடி, நடுவில் மட்டும் துளை விடுதலே அம்முறை. தாழ்ந்த அதிர்வெண்களின் அலைநீளம் வளையத்தின் பருமனை நோக்க மிகப் பெரியதாதலின் அவை பஞ்சின் வழியே ஏறக்குறைய குறைவின்றி வெளியேறுகின்றன. உயர்ந்த அதிர்வெண்களோ பஞ்சின் நுண்துளைகளில் உராய்ந்து வெப்பமாகித் தேய்கின்றன. ஆகவே அவை நடுத்துளையின் வழியாக மட்டுமே வலுவுடன் வெளிவருகின்றன. துளையின் விட்டம் 7.5 செ.மீ. ஆயின், முன்பு 27 டிகிரியாக இருந்த 4000 ஹெர்ட்ஸ் விரிகோணம் கோட்பாட்டளவில் சுமார் 108 டிகிரியாகிறது. பஞ்சு முழுமையாக உறிஞ்சாததால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. எனினும் பயன் செவிக்கு ஐயமின்றிப் புலனாகும்.

செய்முறை எளிது. மெத்தை, நாற்காலித் திண்டு ஆகியவற்றிற்குப் பயன்படும் திறந்த துளைகள் கொண்ட நுரைப்பஞ்சில் ஏறத்தாழ 4 அல்லது 5 செ.மீ. பருமனுள்ள தகட்டை வாங்குக. வாயருகே வைத்து ஊதினால் மறுபுறம் காற்று வருவது தக்க பஞ்சு; வராதது ஆகாது. தெர்மகோல் முற்றிலும் ஆகாது. அது ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பிவிடும். பெட்டியின் முன்பலகையில் உள்ள வட்டத் துளையைவிட ஓரிரு சென்டிமீட்டர் பெரிதாக வெளிவட்டத்தையும், 7 முதல் 8 செ.மீ. விட்டத்தில் உள்வட்டத்தையும் வரைந்து, கூரிய கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். முன்துணிச் சட்டத்தின் உட்புறத்தில், துளை கூம்பின் நடுவிற்கு நேராக அமையும்படி வளையத்தைத் தைத்தோ பசையிட்டோ பொருத்துக. பஞ்சு கூம்பைத் தொடலாகாது. தொட்டால் கறகறப்பு உண்டாகும். அதற்கு இடமில்லாத பெட்டிகளில் வளையத்தின் பருமனைக் குறைத்துக் கொள்ளலாம்; பயனும் அதற்கேற்பக் குறையும்.

வளையத்தைப் பொருத்தியபின் நேர்முகத்தில் கூர்மை குறைந்திருப்பதைக் கண்டு சிலர் ஏமாற்றமடைவர். அதுவே வேண்டியது. இனி உச்ச ஒலிக் குமிழைத் தேவையான அளவு கூட்டலாம். அவ்வாறு கூட்டும்போது அது முன்வரிசையைத் தாக்காமல் அவை முழுவதற்கும் பகிர்ந்தளிக்கப்படும்.

வேறு முறைகளும் உள. கூம்பின் நடுவிற்கு நேராக ஒரு சிறு குவிந்த தட்டை நிறுத்துவர். நேர்முகக் கூர்மை தணியும், பக்கவாட்டுப் பரவல் ஓரளவே கூடும். முன்பலகையின் துளையை இரு பலகைகளால் மறைத்து 10 செ.மீ. அகலமுள்ள செங்குத்துப் பிளவாக்குவதும் பழைய முறையே. பரவல் நன்கு விரியும். ஆனால் கூம்பிற்கும் பலகைக்கும் இடைப்பட்ட அறை ஒத்ததிர்ந்து, குடத்துக்குள்ளிருந்து வாசிப்பது போன்ற தொனியைச் சேர்த்துவிடும். எம் கருத்தில் இசைக்கு வளையமே உகந்தது. பேச்சுக்கு மட்டுமாயின் பிளவு தாழ்வில்லை. பின்புறம் திறந்த பெட்டியாயின், பின்சுவரிலிருந்து ஒரு மீட்டரளவு தள்ளி வைத்தால், திரும்பிவரும் ஒலியும் பரவலுக்குத் துணை செய்யும்.

இரண்டு பெட்டிகளை மேடையின் இரு பக்கங்களிலும் வைக்கும்போது அவற்றின் கூம்புகள் ஒரே திசையில் அசைகின்றனவா என்று பார்த்தல் இன்றியமையாதது. பெருக்கியின் இணைப்பை முற்றிலும் நீக்கியபின், 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றின் முனைகளை ஒலிபெருக்கியின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுக்க. கூம்பு வெளிப்புறமாகத் துள்ளினால் மின்கலத்தின் நேர்முனை தொட்டதே ஒலிபெருக்கியின் நேர்முனையாகும். இரு பெட்டிகளிலும் கம்பிகள் ஒரே முறையில் இணைக்கப்பட வேண்டும். வால்வு பெருக்கிகளின் உட்புறத்தை மட்டும் பயிற்சியற்றோர் திறத்தல் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அவற்றின் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். ஒலிபெருக்கி இணைக்கப்படாத நிலையில் அவற்றை இயக்குதலும் கேடு. வெளிவாய் மின்மாற்றி எரிந்துவிடக்கூடும்.

திருத்தம் பயன் தந்ததா என்றறிய, நிலையம் எதுவும் பிடிபடாத நிலையில் வானொலி எழுப்பும் இரைச்சலைத் தாழ்ந்த அளவில் பெருக்கியில் செலுத்தி, ஒருவர் பந்தலின் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நடந்து கேட்க வேண்டும். 'ஸ்' என்னும் கூறு எங்கே மங்குகிறதோ அங்கே விரிகோணத்தின் எல்லை. கைப்பேசியின் ஒலியளவுச் செயலிகள் துல்லியமானவை அல்ல. ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிடுவதற்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

அண்டை வீடும் குளிர்கால இரவும்

மயூர் விஹார் போன்ற பகுதிகளில் பந்தலின் மூன்று அல்லது நான்கு புறங்களிலும் கட்டடச் சுவர்கள் நிற்கின்றன. 17 மீட்டர் அப்பாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி பத்தில் ஒரு வினாடி பிந்தி வருகிறது. விரைந்த சுரங்கள் இதனால் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். பரவலை விரிவாக்குவதனால் இக்குழப்பம் கூடாதா எனின், ஒலியின் அளவைக் குறைக்காமல் பரவலை மட்டும் கூட்டினால் கூடவே செய்யும். ஆகவேதான் பெட்டியைச் சற்று உயர்த்தி, அவையை நோக்கித் தாழ்த்தி, மொத்த அளவைக் குறைத்தல் வேண்டும் என்கிறோம். கூர்மை எல்லோருக்கும் எட்டியபின் அளவைக் குறைப்பதற்கு யாரும் மறுப்புக் கூறுவதில்லை.

தில்லியின் மார்கழி இரவுகளில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருப்பதுண்டு. வெப்பக் காற்றில் ஒலி விரைந்து செல்லுமாதலின், மேல்நோக்கிச் சென்ற அலைகள் வளைந்து மீண்டும் நிலத்தை நோக்கி இறங்குகின்றன. கோடையின் பிற்பகலில் அடுத்த தெருவுக்கும் எட்டாத ஒலி, குளிர்கால இரவில் நெடுந்தொலைவு கேட்பது இதனாலேயே. ஐயப்ப பூஜைகள் இப்பருவத்தில் வருவதை அமைப்பாளர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்துள்ளன. பொது இடத்தில் ஒலிபெருக்கி பயன்படுத்தும்போது, அவ்விடத்தின் எல்லையில் இவ்வரையறையைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடலாகாது. எவ்வாறாயினும் 75 டெசிபலைத் தாண்டலாகாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி இயக்கத் தடையுண்டு. ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல், விழாக்களை முன்னிட்டு நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். அவையினரின் செவிகளைக் காக்க, உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தரம், எந்த 15 நிமிடத்திலும் சராசரி 100 டெசிபலுக்கு மேற்படலாகாது என்கிறது. இது உச்ச வரம்பேயன்றி எட்ட வேண்டிய இலக்கன்று. சிறுவர்கள் அமரும் முன்வரிசைக்கு இதைவிடப் பெரிதும் குறைந்த அளவே தகும்.

நுரைப்பஞ்சு தில்லியின் வெப்பத்திலும் தூசியிலும் சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும். விரலால் அழுத்திப் பார்த்து, மாவாக உதிருமாயின் புதிய வளையம் வெட்டிக் கொள்க. பழையதை எடுக்கும்போது அதன் துகள் கூம்பின் நடுவிலுள்ள இடைவெளியில் விழாமல் பெட்டியைக் கவிழ்த்து வைத்துக் கழற்றுதல் நலம்.